வறுத்த பார்லியும் கடின நீரும்
நல்ல ஸ்டவுட் உருவாகும் வகை

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினை உலகெங்கும் அறிமுகப்படுத்திய பொருள்களுள் ஒன்று, ஒரு கறுப்புப் பானம். அதன் பெயர் ஸ்டவுட். இது பீர் இனத்தைச் சேர்ந்தது. கண்ணாடிக் குவளையில் ஊற்றினால் காப்பி டிக்காஷன் போலக் கறுத்து நிற்கும். அதன் தலையில் பாலாடை நிறத்தில் நுரை படியும். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தால் கறுப்பு மறைந்து மாதுளைச் சிவப்பு தெரியும். இந்த நிறம் எங்கிருந்து வந்தது? சாயம் கலந்தார்களா? சர்க்கரையைக் கருக்கிச் சேர்த்தார்களா? இரண்டும் இல்லை. தானியத்தை வறுத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த வறுவல் நிறத்தோடு நிற்பதில்லை. அது நீரின் தன்மையையே மாற்றுகிறது. அந்த மாற்றத்தைப் புரிந்துகொண்டவரின் ஸ்டவுட் நன்றாக அமைகிறது. புரிந்துகொள்ளாதவருடையது புளித்தோ துவர்த்தோ போகிறது. அதன் காரணத்தைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

ஸ்டவுட்டைப் பெரிய ஆலைகள் மட்டும் தயாரிக்கவில்லை. பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்சுவோர் உரிமம் பெற வேண்டும் என்ற விதி 1963-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் அதற்கான சட்டம் 1978-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்பின் இந்நாடுகளில் எத்தனையோ குடும்பங்களின் சமையலறைகள் வார இறுதியில் சிறு ஆய்வுக்கூடங்களாக மாறின. அப்படிப்பட்ட ஒரு சமையலறைக்குள் நாமும் நுழைந்து பார்ப்போம்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் எந்த மதுவையும் வீட்டில் தயாரிப்பது குற்றம். எனவே இங்குள்ள வாசகர்கள் இதை வேதியியல் பாடமாகப் படியுங்கள். சட்டம் இடம் தரும் நாடுகளில் வாழ்பவர்களுக்கு இதிலுள்ள அளவுகளும் பயன்படலாம். சட்டத்துக்கு உட்பட்டு நம் ஊரிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையும் இதில் உண்டு.

முளையில் பிறக்கும் நொதி

ஸ்டவுட்டுக்கு வேண்டிய பொருள்கள் நான்கே: பார்லி, நீர், ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ, ஈஸ்ட். இவற்றுள் முதலாவது பார்லி. பார்லி மணிக்குள் நிறைந்திருப்பது மாச்சத்து. ஈஸ்ட்டுக்கு மாச்சத்தை உண்ணத் தெரியாது. அதற்குச் சர்க்கரைதான் வேண்டும். மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றித் தருபவர் யார்?

பார்லியே அந்த வேலையைச் செய்கிறது. விதை முளைக்கும்போது இளம் செடிக்கு உணவு தேவைப்படுகிறது. அதற்காக விதை சில நொதிகளை உண்டாக்கி, தன் மாச்சத்தைத் தானே உடைக்கத் தொடங்குகிறது. பார்லியை ஊறவைத்து, சில நாள் முளைக்க விட்டு, முளை நீளுமுன் உலர்த்திவிட்டால் செடியின் வளர்ச்சி நின்றுவிடும். ஆனால் நொதிகள் தானியத்துக்குள் உறங்கிக் கிடக்கும். இப்படி முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். பிரெஞ்சு வேதியியலார் பாயன், பெர்சோ இருவரும் 1833-ஆம் ஆண்டில் மால்ட்டிலிருந்து இந்த நொதியைப் பிரித்தெடுத்து, அதற்கு டயாஸ்டேஸ் என்று பெயரிட்டனர். நொதி என்ற பொருளைப் பிரித்தறிந்த வரலாறே பீர் தயாரிக்கும் தானியத்தில்தான் தொடங்குகிறது.

இந்த நொதியின் வேலையை உங்கள் வீட்டு அடுப்படியிலேயே நீங்கள் காணலாம். கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி, நிழலில் உலர்த்தி மாவாக்கிக்கொள்ளுங்கள். முளைகட்டாத கேழ்வரகு மாவிலோ அரிசி மாவிலோ கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சுங்கள். அதை இரு கிண்ணங்களில் ஊற்றுங்கள். வெப்பமானி இருந்தால் சூடு 65 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும் வரை பொறுத்திருங்கள். பிறகு ஒரு கிண்ணத்தில் மட்டும் ஒரு தேக்கரண்டி முளைமாவைப் போட்டுக் கலக்குங்கள். சில நிமிடங்களில் அந்தக் கஞ்சி இளகி நீர்த்துப்போகும். கொஞ்சநேரம் சென்று ருசித்தால் மெல்லிய இனிப்பும் தெரியும். மற்றக் கிண்ணத்துக் கஞ்சி கெட்டியாகவே இருக்கும். முளைமாவைக் கொதிக்கும் கஞ்சியில் போட்டால் எதுவும் நடக்காது; கொதிசூட்டில் நொதி அழிந்துவிடும். குழந்தைகளுக்கு முளைமாவுக் கஞ்சி எளிதில் விழுங்கத்தக்கதாக இருப்பதன் காரணம் இதுவே. ஸ்டவுட் காய்ச்சுவதன் முதற்படியும் இதுவே.

கறுப்பு வந்த வரலாறு

லண்டன் மாநகரில் 18-ஆம் நூற்றாண்டில் போர்ட்டர் என்ற பழுப்புநிற பீர் பெயர்பெற்றிருந்தது. அதன் வலுவான வகையை ‘ஸ்டவுட் போர்ட்டர்’ என்றனர். வலுவான போர்ட்டர் என்பது அதன் பொருள். நாளடைவில் முன்சொல்லே பானத்தின் பெயராக நிலைத்தது. அக்காலத்தில் நிறத்துக்காக மால்ட் முழுவதையுமே பழுப்பாகச் சுட்டு உலர்த்தினர்.

பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க லாக்டோமீட்டரை மிதக்க விடுவதை அறிவீர்கள். அதே இனத்தைச் சேர்ந்தது திரவமானி. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது மதுஆலைகளுக்குள் வந்தது. மால்ட் சாற்றில் எவ்வளவு சர்க்கரை கரைந்திருக்கிறது என்பதை அது எண்ணால் சொன்னது. அப்போதுதான் ஓர் உண்மை வெளிப்பட்டது. நன்றாகச் சுட்ட பழுப்பு மால்ட்டைவிட, மிதமாக உலர்த்திய வெளிர் மால்ட் அதிகச் சர்க்கரையைத் தந்தது. சுடச்சுட நொதி அழிவதே காரணம். ஆலைக்காரர்கள் வெளிர் மால்ட்டுக்கு மாறினர். செலவு குறைந்தது, ஆனால் நிறமும் போயிற்று. சிலர் கண்டதையெல்லாம் கலந்து நிறமேற்ற முயன்றனர். சட்டம் அதைத் தடுத்தது.

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் டேனியல் வீலர் என்ற ஆங்கிலேயர். காப்பிக்கொட்டை வறுப்பதுபோல், சுழலும் உருளைக்குள் மால்ட்டைக் கருக்கும் முறைக்கு அவர் 1817-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இந்தக் கறுத்த மால்ட் சிறிதளவு போதும். மீதம் முழுவதும் வெளிர் மால்ட்டாக இருக்கலாம். சர்க்கரைக்கு ஒரு தானியம், நிறத்துக்கும் மணத்துக்கும் மற்றொன்று என்று வேலை பிரிந்தது. இன்றுவரை ஸ்டவுட்டின் அமைப்பு இதுதான். டப்ளின் பாணி ஸ்டவுட்டில் கறுப்பு மால்ட்டுக்குப் பதில், முளைகட்டாத பார்லியையே வறுத்துச் சேர்க்கின்றனர்.

வறுக்கும்போது நடப்பது என்ன? தானியத்திலுள்ள சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் வெப்பத்தில் வினைபுரிந்து, பழுப்புநிறப் பொருள்களையும் பலவகை மணங்களையும் உண்டாக்குகின்றன. பிரெஞ்சு அறிஞர் மையார் 1912-ஆம் ஆண்டில் விளக்கிய வினை இது. தோசை முறுகுவதும், காப்பிக்கொட்டை மணப்பதும், ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும் இவ்வினையால்தான். ஸ்டவுட்டில் காப்பியின் சாயலும் கோக்கோவின் சாயலும் தெரிவதற்குக் காப்பியோ கோக்கோவோ சேர்க்க வேண்டியதில்லை. வறுத்த பார்லியே போதும்.

நீரே பாதி ஸ்டவுட்

இனி நாம் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். வறுத்த தானியம் அமிலத்தன்மை உடையது. அதை நீரில் ஊறவைத்தால் நீரின் அமில கார நிலை அமிலப் பக்கம் சாய்கிறது. அந்த நிலையை பி.எச். என்ற எண்ணால் குறிக்கிறோம். எண் 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். பள்ளி ஆய்வுக்கூடங்களில் எல்லாம் பயன்படும் இந்த அளவுகோலும் ஒரு மதுஆலையின் கொடையே. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த சோரன்சன் 1909-ஆம் ஆண்டில் இதை அறிமுகப்படுத்தினார்.

மால்ட்டும் வெந்நீரும் சேர்ந்த கலவையை நம் வழக்கில் ஊறல் என்று சொல்லலாம். ஊறலின் பி.எச். ஏறத்தாழ 5.2 முதல் 5.6 வரை இருந்தால் நொதிகள் நன்றாக வேலை செய்யும். அதற்கு மிகவும் கீழே இறங்கினால் சர்க்கரை குறையும். பானம் மெலிந்து, புளித்து, சுள்ளென்று இருக்கும். மேலே ஏறினால் உமியிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் கரைந்து வந்து நாக்கைப் பிடிக்கும்.

இப்போது நீரைப் பாருங்கள். சுண்ணாம்புப் பாறைகளின் ஊடே வரும் நீரில் பைகார்பனேட் உப்புகள் மிகுதி. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது இதன் விளைவே. பைகார்பனேட் அமிலத்தை எதிர்த்து நடுநிலையாக்கும். இத்தகைய நீரில் வெளிர்நிற பீர் காய்ச்சினால், எதிர்ப்பதற்குப் போதிய அமிலம் இல்லாமல் பி.எச். உயர்ந்து துவர்ப்பு ஏறும். வறுத்த தானியம் சேர்த்தாலோ, அதன் அமிலமும் நீரின் பைகார்பனேட்டும் ஒன்றையொன்று சமன் செய்து ஊறல் சரியான இடத்தில் வந்து நிற்கும். பொன்னிற பீருக்குப் பெயர்பெற்ற செக் நாட்டுப் பில்சன் நகரின் நீர் மிக மென்மையானது. கறுப்பு பீருக்குப் பெயர்பெற்ற லண்டன், டப்ளின் நகரங்களின் பழைய நீர்நிலைகளோ சுண்ணாம்பு மிகுந்தவை. பி.எச். என்ற சொல்லே பிறவாத காலத்தில், எந்த பீர் தங்கள் நீரில் நன்றாக வருகிறது என்பதை அந்த ஊர்க்காரர்கள் அனுபவத்தால் கண்டுகொண்டனர்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் விலக்கவேண்டும். ஆர்தர் கின்னஸ் 1759-ஆம் ஆண்டில் டப்ளினில் செயின்ட் ஜேம்ஸ் கேட் என்ற இடத்தை, ஆண்டுக்கு 45 பவுன் வாடகையில் 9000 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்தார். 1799-ஆம் ஆண்டு முதல் அந்த ஆலை மற்ற பீர் வகைகளை விட்டுப் போர்ட்டரையே தொழிலாகக் கொண்டது. இன்றும் அங்கே கடின நீரில்தான் ஸ்டவுட் தயாராகிறது என்று பலர் நம்புகின்றனர். உண்மையில் இப்போது ஆலைக்கு வருவது விக்லோ மலைப்பகுதியின் மென்மையான நீர். மென்மையான நீரிலும் நல்ல ஸ்டவுட் செய்ய முடியும், ஊறலின் பி.எச். சரியான இடத்தில் நிற்கவேண்டும் என்பதே விதி. நீரை மாற்றியும் அதைச் செய்யலாம். வறுத்த தானியத்தைச் சேர்க்கும் நேரத்தை மாற்றியும் செய்யலாம்.

வீட்டில் காய்ச்சுபவர் செய்யவேண்டியது என்ன? முதலில் குழாய்நீரின் பகுப்பாய்வை நீர் வழங்கும் நிலையத்திடம் கேட்டுப் பெறவேண்டும். நீர் மென்மையாக இருந்தால் இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, சமையல் சோடா. 10 லிட்டர் நீரில் 1 கிராம் சமையல் சோடாவைக் கரைத்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 73 மில்லிகிராம் பைகார்பனேட் கூடும். இதில் கை தாராளமானால் உப்புக் கரிக்கும். இரண்டாம் வழி, வறுத்த பார்லியைத் தனியே எடுத்துவைத்து ஊறலின் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடங்களில் மட்டும் சேர்ப்பது. அதற்குள் நொதிகள் தம் வேலையை முடித்துவிடும். நிறமும் மணமும் இறங்க அந்நேரம் போதும். நீர் கடினமாகவே இருந்தால், முதலிலேயே எல்லாவற்றையும் சேர்த்துவிடலாம். நீரில் குளோரின் வாடை இருந்தால் கொதிக்கவைத்து ஆறவிட்டு நீக்கவேண்டும். இல்லாவிட்டால் பானத்தில் மருந்து வாடை அடிக்கும். ஆனால் கொதிக்கவைக்கும்போது பைகார்பனேட்டின் ஒரு பகுதியும் வெள்ளைப் படிவாக இறங்கிவிடும் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

ஊறலும் அதன் சூடும்

20 லிட்டர் ஸ்டவுட்டுக்கு ஒரு கணக்கைப் பார்ப்போம். வெளிர் மால்ட் 2.8 கிலோ, அவல்போலத் தட்டிய பார்லி 800 கிராம், வறுத்த பார்லி 400 கிராம். ஆக மொத்தம் 4 கிலோ. இதில் பத்தில் ஒரு பங்குதான் கறுப்பு. பார்த்தால் இவ்வளவு குறைவா என்று தோன்றும். ஆசையால் அதை இரட்டிப்பாக்கினால் ஸ்டவுட்டில் சாம்பலின் ருசிதான் மிஞ்சும். பார்லி அவல் பானத்துக்குக் கொழகொழப்பையும், நுரைக்கு நிலைப்பையும் தருகிறது.

மால்ட்டை மாவாக அரைக்கலாகாது. மணி மூன்று நான்கு நொய்யாக உடைந்து, உமி முழுதாக இருக்கவேண்டும். பின்னர் சாற்றை வடிகட்டுவதற்கு அந்த உமியே சல்லடையாகப் பயன்படும். மாவாக்கினால் களியாகி அடைத்துக்கொள்ளும்.

11 லிட்டர் நீரை ஏறத்தாழ 73 டிகிரிக்குச் சுடவைத்துத் தானியத்தைக் கொட்டிக் கலக்கினால், சூடு 66 டிகிரி அளவில் நிற்கும். அதே சூட்டில் ஒரு மணி நேரம் மூடிவைக்க வேண்டும். இந்த 66 எங்கிருந்து வந்தது? மால்ட்டில் முக்கியமான நொதிகள் இரண்டு. பீட்டா அமிலேஸ் மாச்சத்துச் சங்கிலியின் நுனியிலிருந்து சிறு சர்க்கரைகளாகக் கத்தரிக்கிறது. இது 60 முதல் 65 டிகிரி வரை சுறுசுறுப்பாக இருந்து, அதற்குமேல் விரைவில் அழிகிறது. ஆல்பா அமிலேஸ் சங்கிலியை நடுவில் கண்ட இடத்தில் வெட்டுகிறது. இதற்கு 70 டிகிரியை ஒட்டிய சூடு ஏற்றது. 64 டிகிரியில் ஊறவைத்தால் ஏறக்குறைய எல்லாமே ஈஸ்ட் உண்ணும் சர்க்கரையாகிப் பானம் வறண்டு மெலியும். 69 டிகிரியில் ஊறவைத்தால் ஈஸ்ட்டால் உண்ண முடியாத டெக்ஸ்ட்ரின்கள் மிஞ்சிப் பானம் கனக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட சமரசமே 66. ஐந்து டிகிரி வேறுபாட்டில் பானத்தின் குணமே மாறிவிடுவதால், நல்ல வெப்பமானி இல்லாமல் இவ்வேலையில் இறங்கக்கூடாது.

ஒரு மணி நேரம் கழித்துச் சாற்றை மெதுவாக வடிக்கவேண்டும். சக்கையில் தங்கிய சர்க்கரையை 76 டிகிரி சூடுள்ள 17 லிட்டர் நீரால் அலசி எடுக்கவேண்டும். அலசும் நீர் இதைவிடச் சூடாக இருந்தால் உமியின் துவர்ப்பு இறங்கும். தானியம் சுமார் 4 லிட்டரைக் குடித்துவிடும். கையில் 24 லிட்டர் இனிப்பான கறுப்புச் சாறு கிடைக்கும்.

கொதியும் கசப்பும்

இந்தச் சாற்றை ஒரு மணி நேரம் தளதளவென்று கொதிக்கவைக்க வேண்டும். கொதி தொடங்கியதும் 50 முதல் 55 கிராம் ஹாப்ஸைப் போடுவர். கோல்டிங்ஸ் போன்ற ஆங்கில ஹாப்ஸ் இதற்கு ஏற்றது. ஹாப்ஸிலுள்ள ஆல்பா அமிலங்கள் அப்படியே நீரில் நன்றாகக் கரைவதில்லை. நீண்டநேரக் கொதியில் அவற்றின் மூலக்கூற்று அமைப்பு மாறியபின்பே கரைந்து கசப்பூட்டுகின்றன. கடைசி நிமிடத்தில் போட்ட ஹாப்ஸ் மணக்கும்; அதிகம் கசக்காது. ஸ்டவுட்டில் மணம் தரும் பொறுப்பு வறுத்த பார்லியுடையது. ஆகவே ஹாப்ஸை முதலிலேயே போட்டுவிடுவது வழக்கம். சில வகைப் பாக்டீரியாக்களை வளரவிடாமல் தடுப்பதும் ஹாப்ஸின் பணி.

கொதி முடிந்ததும் சாறு 20 லிட்டராகச் சுண்டியிருக்கும். அதை இயன்றவரை விரைவாக 20 டிகிரிக்குக் குளிரச் செய்யவேண்டும். திரவமானியை மிதக்கவிட்டால் 1.042 முதல் 1.045 வரை காட்டும். இந்த எண்ணைக் குறித்துவைப்பது இன்றியமையாதது. பின்னால் இதற்குத் தேவை வரும்.

ஈஸ்ட்டின் ஆட்சி

கொதிக்கும்வரை தூய்மை ஒரு பெரிய கவலை இல்லை. கொதியே கிருமிகளைக் கொன்றுவிடும். குளிர்ந்தபின் நிலைமை தலைகீழாகிறது. இளஞ்சூடான இனிப்புச் சாறு எல்லா நுண்ணுயிர்களுக்கும் விருந்து. பீர் கெடுவதற்குக் காரணம் வேண்டாத நுண்ணுயிர்களே என்று பாஸ்டர் 1876-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் ஹான்சன் என்பவர் 1883-ஆம் ஆண்டில் ஒரே செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். இன்று வீட்டில் காய்ச்சுபவர் கடையில் வாங்கும் 11 கிராம் ஈஸ்ட் பொட்டலம் அந்தப் பணியின் வாரிசு. ஆனால் கலன், குழாய், மூடி, கரண்டி ஆகியவற்றைக் கிருமிநாசினியால் கழுவாவிட்டால் அந்தத் தூய ஈஸ்ட்டால் பயனில்லை. வீட்டு ஸ்டவுட் புளித்துப்போவதற்குப் பெரும்பாலும் காரணம், கழுவாத ஒரு ரப்பர்க் குழாயாக இருக்கும்.

ஈஸ்ட் குளுக்கோஸின் ஒரு மூலக்கூற்றை இரண்டு ஆல்கஹால் மூலக்கூறுகளாகவும் இரண்டு கரியமில வாயு மூலக்கூறுகளாகவும் பிரிக்கிறது. இவ்வினையில் வெப்பமும் வெளிப்படுகிறது. அறை 20 டிகிரியில் இருந்தாலும் கலனுக்குள் சூடு அதற்குமேல் ஏறிவிடும். ஈஸ்ட்டுக்கு ஏற்ற 18 முதல் 20 டிகிரியைத் தாண்டினால் அது அவசரப்பட்டு உழைத்து, மூக்கைத் துளைக்கும் காட்டமான பொருள்களை உண்டாக்கும். கலனைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஈரத்துணியைச் சுற்றினால் சூடு இறங்கும். மண்பானை நீரைக் குளிர்விக்கும் அதே தத்துவம்தான் இது.

புட்டியில் உள்ள ஆபத்து

சில நாள்களில் நொதிப்பு அடங்கும். திரவமானி 1.010-ஐ ஒட்டிக் காட்டும். தொடக்க எண்ணுக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து ஆல்கஹால் 4 சதவீதத்துக்குச் சற்று மேல் இருப்பதாகக் கணக்கிடலாம். குமிழி வருவது நின்றது என்பதை மட்டும் நம்பிப் புட்டியில் அடைக்கக் கூடாது. இரண்டு மூன்று நாள் இடைவிட்டு அளந்தபோதும் எண் மாறாதிருக்க வேண்டும்.

இதை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. புட்டியில் அடைக்கும்போது சிறிது சர்க்கரை சேர்க்கின்றனர். மிஞ்சியிருக்கும் ஈஸ்ட் அதை உண்டு வாயுவை உண்டாக்க, வாயு பானத்தில் கரைந்து நுரையாகிறது. லிட்டருக்கு 4 கிராம், அதாவது 20 லிட்டருக்கு 80 கிராம் சர்க்கரை ஸ்டவுட்டுக்குப் போதும். நொதிப்பு முடியாமலே அடைத்துவிட்டால் மிஞ்சிய மால்ட் சர்க்கரையும் இதனுடன் சேர்ந்து நொதிக்கும். மூடிய புட்டிக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போய்க் கண்ணாடி வெடித்துச் சிதறும். கண்ணிழப்புக்கே இடமுள்ள விபத்து இது. அழுத்தம் தாங்குவதற்கென்றே செய்த தடித்த பீர்ப் புட்டிகளைத் தவிர வேறெதையும் பயன்படுத்தலாகாது. அடைத்தபின் இரண்டு வாரம் சாதாரண அறைச் சூட்டிலும், பிறகு சில வாரம் குளிர்ந்த இருட்டிலும் வைத்தால் வறுவலின் முரட்டுத்தனம் தணியும்.

வீட்டு ஸ்டவுட்டின் நுரை விடுதிகளில் ஊற்றும் கின்னஸின் நுரைபோல் இராது. அங்கே கரியமில வாயுவோடு நைட்ரஜனும் சேர்கிறது. 1959-ஆம் ஆண்டில் மைக்கேல் ஆஷ் என்பவரின் முயற்சியால் வந்த முறை அது. நைட்ரஜன் நீரில் மிகக் குறைவாகவே கரையும். எனவே குமிழிகள் மிகச் சிறியனவாகி நுரை பட்டுப்போல் அமைகிறது. வீட்டில் அந்தச் சாதனம் இல்லாதவருக்குப் பார்லி அவலும், அளவோடு சேர்த்த சர்க்கரையும்தான் துணை.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்

முதல் தடவை செய்த ஸ்டவுட் திருப்தி தராமல் போகலாம். அடுத்த தடவை நீரையும், ஈஸ்ட்டையும், வறுத்த பார்லியின் அளவையும் ஒன்றாக மாற்றினால், எது பலன் தந்தது என்று தெரியவே தெரியாது. மாற்றுவது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். எண்கள் யாவும் குறிப்பேட்டில் ஏறட்டும். இதில் மற்றொரு கேள்வியும் எழுகிறது. இரண்டு மூன்று தடவைகளில் கண்ட வேறுபாடு உண்மையானதா, தற்செயலா? கின்னஸ் ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட் என்பவர் முன் நின்ற கேள்வியும் இதுதான். பார்லி, ஹாப்ஸ் முதலியவற்றின் சில மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு நம்பத்தக்க முடிவுக்கு வருவது எப்படி என்று அவர் ஆராய்ந்தார். 1908-ஆம் ஆண்டில் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் விடையை வெளியிட்டார். மருத்துவம், வேளாண்மை, உளவியல் என்று எல்லாத் துறைகளிலும் இன்று வழங்கும் ‘ஸ்டூடன்ட் டி சோதனை’ அதிலிருந்து பிறந்ததே.

மருந்து என்னும் மயக்கம்

ஸ்டவுட் உடம்புக்கு வலுவூட்டும் என்ற நம்பிக்கை நெடுநாளாக உண்டு. கின்னஸ் நிறுவனம் 1929-ஆம் ஆண்டில் தொடங்கிய விளம்பரமே, அது உடலுக்கு நல்லது என்ற பொருளில் அமைந்தது. அயர்லாந்தில் இரத்ததானம் செய்தவர்களுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் அதைக் கொடுத்த காலமும் இருந்தது. கறுப்பு நிறத்தைக் கண்டு இரும்புச்சத்து என்று எண்ணினர். கறுப்பு வறுவலால் வந்தது என்பதை நாம் பார்த்துவிட்டோம். இரும்பு அதில் மிகச் சொற்பமே. ஆல்கஹால் தாய்ப்பால் சுரப்பைக் கூட்டுவதற்குப் பதில் தடுக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-ஆம் ஆண்டிலேயே மதுபானங்களை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. இலங்கையில் நுவரெலியாவின் குளிரில் பிரிட்டிஷார் காலத்தில் தோன்றிய ஆலையின் ஸ்டவுட், இப்போது பியகமவில் தயாராகிறது. அதற்கும் இதே விதிதான். ஸ்டவுட்டின் வேதியியலை வியக்கலாம். அதை மருந்தாகக் கருதலாகாது.

இனி காப்பிக்கொட்டை வறுபடும் வாசனை எங்கேனும் எழுந்தால், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு தென்பட்டால், இவ்விரண்டும் ஒரே பானைக்குள் சந்தித்து ஒன்றையொன்று சமன் செய்யும் கதையை எண்ணிக்கொள்ளுங்கள். முளைமாவுக் கஞ்சிச் சோதனையை இந்த வாரமே செய்து பாருங்கள். எத்தனை நிமிடத்தில் கஞ்சி இளகியது, அப்போது சூடு எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுமுறை சூட்டை மட்டும் மாற்றுங்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்.